வாசலில் நின்ற ரத்தக்காட்டேரி

ரத்தக்காட்டேரி படம் என்றால் பயப்பட வேண்டும் என்று யார் சொன்னது? என் வீடியோ கொட்டகைக்கு வந்து பாருங்கள். சிரிக்கிற சிரிப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தொடையில் ஓங்கி அடிப்பீர்கள், அவன் திருப்பி ஒன்று வைப்பான், அதற்கும் சேர்த்துச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்கள்.

எங்கள் ஊர் கயுங்காவில் எல்லாருக்கும் துப்பாக்கிப் படம்தான் வேண்டும். ஒற்றை ஆள் ஒரு பட்டாளத்தையே சுட்டுச் சாய்க்க வேண்டும், ஹெலிகாப்டர் வெடிக்க வேண்டும், வெடித்த ஹெலிகாப்டரிலிருந்து அவன் தலை கலையாமல் இறங்கி வர வேண்டும். அதையும் போடுகிறேன், போடாமல் எப்படிப் பிழைப்பது? ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. தலைநகர் கம்பாலாவில் சிடி விற்கிற கடைகளில், யாரும் கை வைக்காத மூலையில் தூசு தின்றுகொண்டு கிடக்குமே, பல்லை நீட்டிக்கொண்டு அசடு வழிகிற காட்டேரிப் படங்கள், அவைதான். ரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுகிற காட்டேரி ஒன்று. பல் டாக்டருக்குப் பயந்துகொண்டு பூசணிக்காய் சூப் குடித்தே காலம் தள்ளுகிற காட்டேரி ஒன்று. பெண்டாட்டி திட்டுவாள் என்று சவப்பெட்டிக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருக்கிற காட்டேரி ஒன்று. எடுத்தவனே மறந்துபோயிருப்பான். நான் மறக்க மாட்டேன். மனிதனைத் தின்ன வந்த பிசாசு, மனிதனைவிட அதிகமாக அல்லாடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும். பாவம், அதுக்கும் ஒரு பாடு.

ஆனால் அந்தப் படங்களுக்கு ஒரு வாய் வேண்டும். எங்கள் ஊரில் படம் தானாக ஓடாது. திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவனை விஜே என்போம். படத்தில் இருப்பவர்கள் எந்த நாட்டு மொழியில் கத்தினாலும் சரி, இவன் அதைக் குறைத்துவிட்டு எங்கள் மொழியில் எல்லாருக்குமாகப் பேசுவான். கதாநாயகனுக்கும் இவன்தான், கிழவிக்கும் இவன்தான், குரைக்கிற நாய்க்கும் இவன்தான். படம் நன்றாக இருக்கிறதா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. பேசுகிறவன் யார் என்றுதான் கேட்பார்கள்.

என் கொட்டகையில் பேசுகிறவன் லுப்வாமா. அப்பா அம்மா இல்லாமல் பெரியம்மா வீடு, மாமா வீடு, மாமாவின் மச்சான் வீடு என்று கைமாறிக் கைமாறி வளர்ந்த பையன். மைக் கையில் இருக்கிறவரைக்கும் அந்த வாயை அடக்க ஆளில்லை. மைக்கைக் கீழே வைத்தால் போதும், ஊமைக்கு அண்ணன். டீ வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவான். சர்க்கரை போதுமா என்றாலும் அதே ஆட்டல்தான். போதும் என்கிறானா போதாது என்கிறானா என்று நானே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகைக்கு அந்தப் பக்கம் என் தம்பி செபலாமுவின் சபை. அவன் பாஸ்டர். எங்கள் அப்பா விட்டுப்போன இடத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம், நடுவில் தகரச் சுவர் ஒன்று. அவன் பாதியில் கர்த்தரை வைத்தான், என் பாதியில் நான் டிவியை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கூட்டம் முடிந்து ஜனங்கள் வெளியே வருவார்கள், அதில் பாதிப்பேர் வேலியைச் சுற்றிக்கொண்டு நேரே என் கொட்டகைக்குள் நுழைவார்கள். அதனால் அவனுக்கு, கூடப்பிறந்த அக்கா என்றும் பாராமல், என் மேல் மூக்குக்கு மேல் கோபம். "தகரத்துக்கு அந்தப் பக்கம் நரகத்தின் வாசல்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்வான். நரகத்தின் வாசலில் உட்கார்ந்து நான் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கம்பாலாவிலிருந்து வந்த சிடிக் கட்டில் மேலுறை இல்லாத ஒன்று கிடந்தது. எந்த நாட்டுப் படமோ, அதில் பேசுகிற மொழி எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. பனி கொட்டுகிற ஊர். ஒல்லியாக, நெட்டையாக ஒரு வயசான ரத்தக்காட்டேரி. கோட்டில் ஒட்டு. தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி நிற்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வா என்று சொன்னால்தான் அதனால் வாசற்படி தாண்ட முடியும் போலிருக்கிறது. ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரு வீட்டில் சோப்பு விற்க வந்தவன் என்று விரட்டுகிறார்கள். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்து விடுகிறார்கள், அந்த நாய் போய் அதன் கையை நக்குகிறது.

எனக்கு அந்தப் படம் அப்போதே பிடித்துவிட்டது. கொட்டகையில் மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். "சண்டை எப்ப வரும்?" என்று முன் பெஞ்சிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற முசோகே கத்தினான். லுப்வாமா திரையை உற்றுப் பார்த்தான். பிறகு மைக்கில், "அடப்பாவமே! இவன் பேச ஆள் இல்லாம க்வாஞ்சூலாவுக்கு வந்து நிக்கிறான்டோய்!" என்றான்.

கொட்டகை இடிந்து விழாத குறை. க்வாஞ்சூலா என்பது எங்களில் முறையாகப் பெண் கேட்டு வருகிற நாள். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக வந்து வெளியே நிற்க வேண்டும். அவர்கள் கொண்டு வந்த பேச்சாளர் பேச வேண்டும், பெண் வீட்டுப் பேச்சாளர் மடக்க வேண்டும், பேச்சு பிடித்து இவர்கள் கூப்பிட்டால்தான் உள்ளே காலெடுத்து வைக்கலாம். மாப்பிள்ளை அன்றைக்கு முழுவதும் வாயே திறக்கக் கூடாது. பேச்சாளர் இல்லாமல் தனியாகப் போய் நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? யாருக்குத்தான் ஐயோ என்று இருக்காது?

அன்றிலிருந்து அந்தக் கிழக் காட்டேரிக்கு லுப்வாமா கொடுத்த பேச்சு ஊருக்கே மனப்பாடம். கடைசி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அது சொல்லும்: "வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா? நான் கெட்டவன்தான். ஆனா மரியாதை தெரிஞ்ச கெட்டவன். நீங்க கூப்பிடாம உள்ள வர மாட்டேன். ரொம்ப தூரம் நடந்துட்டேன்." அந்த வீட்டு விதவை கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "கெட்டவன்னு தானே ஒத்துக்கிட்டவன நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன். செருப்பக் கழட்டிட்டு உள்ள வா." ஞாயிறு தவறாமல் அதையே போடச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்து ஊர்க் கொட்டகைக்காரன் ஒருவன் என்னிடம் சிடியை இரவல் வாங்கிப் போய்ப் போட்டுப் பார்த்தான், ஆட்கள் எழுந்து போய்விட்டார்களாம். பின்னே? படம் மட்டும் போதுமா, வாய் வேண்டாமா?

அந்த வாயை இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் தம்பி மகள் நபுகேரா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். ஞாயிறு மதியம் சபையைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. பெருக்கியதையே மறுபடி பெருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தகர ஓட்டை வழியாகவே தெரிந்துபோனது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யார் குரலையும் அப்படியே எடுப்பாள். என் குரலில், எனக்குக் கடலை கொண்டு வந்து போடுகிறவளைத் திட்டி, அவள் வந்து என்னிடம் சண்டைக்கு நின்ற கதையும் உண்டு.

ஒருநாள் லுப்வாமாவை முன்னால் விட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா தங்கையை நாங்கள் ஸெங்கா என்போம். கல்யாணப் பேச்சு என்றால் முதலில் ஸெங்காவிடம்தான் வர வேண்டும், அப்பாவிடம் நேரே போகக் கூடாது.

"ஸெங்கா, இவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு" என்றாள்.

லுப்வாமா தலையை ஆட்டினான்.

"சொல்லு."

மறுபடியும் ஆட்டினான்.

"சரிதான். ஊருக்கெல்லாம் வாய், உனக்கு மட்டும் தலையா?" என்றேன். நபுகேரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா போனதிலிருந்து அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதுவே போதும். மறுநாளே தம்பி வீட்டுக்குப் போனேன்.

செபலாமு பைபிளை மூடி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டான். பிறகு ஆரம்பித்தான்.

"அந்த வாயா அக்கா? பிசாசுக்குக் குரல் குடுக்கிற வாயா என் வீட்டுக்குள்ள வரணும்?"

"பிசாசுக்கு மட்டுமா குடுக்கிறான்? போலீசுக்குக் குடுக்கிறான், நர்சம்மாவுக்குக் குடுக்கிறான், நாய்க்கும் குடுக்கிறான். பாரபட்சம் பாக்காத புள்ள."

"ரத்தம் குடிக்கிறவனப் பாத்து ஜனங்க சிரிக்குது. சிரிச்சா பாவத்து மேல இருக்கிற பயம் விட்டுப் போயிடும்."

"நீ வருஷம் பூரா பயமுறுத்துற. உன் சபையில பாவம் கொறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலையே."

"அக்கா!"

"என்னடா அக்கா? பாஸ்டர்னா ஊருக்கு. எனக்கு நீ மூக்கு ஒழுகிக்கிட்டு என் பாவாடையப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பயதான். ஓடிப்போற பொண்ணா இருந்தா நேத்தே போயிருப்பா. போக மாட்டேங்கிறா. நீ உக்காந்து, உன் வாயால அவங்கள உள்ள வாங்கன்னு சொல்லணுமாம். இல்லன்னா கல்யாணமே வேணாம்னு அடம் புடிக்கிறா."

அவன் மூடி வைத்த பைபிளை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"அவன் எல்லாத்தையும் வெளையாட்டாக்கிடுவான், அக்கா. நாளைக்கு என் பொண்ணு அழுதா, அதுக்கும் ஒரு ஜோக்கு சொல்லுவான். ஒருத்தி அழுதா பக்கத்துல உக்காரத் தெரியணும். அவங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப…" என்று நிறுத்திக்கொண்டான்.

அவன் பயம் நியாயமான பயம். அவன் மனைவி கிடந்த அத்தனை மாதமும் அவன் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் போன பிறகு அந்த வீட்டில் சட்டி பானை சத்தம்தான் கேட்கும்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தான். "வரட்டும். முறைப்படி வரட்டும். ஆனா வாசல்ல அவங்க பேச்சு எனக்கு மனசுக்குப் புடிக்கணும். புடிக்கலன்னா கதவு தெறக்காது, வந்த வழியே போயிட வேண்டியதுதான். அப்புறம் நீ இந்தப் பேச்ச எடுத்துக்கிட்டு வரக்கூடாது. அந்தப் பையன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது" என்றான்.

"மாப்பிள்ள பேசக்கூடாதுங்கிறது நம்ம வழக்கம்தானேடா?"

"வழக்கம்தான். இவனுக்கு ரெண்டு தடவ சொல்லு."

பேச்சுதான் எல்லாம் என்று ஆனபிறகு சும்மா இருப்பார்களா? லுப்வாமாவின் மாமா அலைந்து திரிந்து முகோனோவிலிருந்து கலெம்பா என்பவரைப் பிடித்தார். க்வாஞ்சூலா பேசுவதே அவர் தொழில். கல்லைப் பேசிக் கரைப்பார், மாமியாரைப் பேசி அழவைப்பார் என்று பேர். எங்கள் பக்கத்துக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் முலிண்ட்வா. அவர் நாக்கில் ரம்பம் இருக்கிறது, ஊரறியும்.

அந்த நாள் வந்தது. தம்பி வீட்டு முற்றத்தில் பந்தல். வெள்ளை அங்கியும் கோட்டுமாக ஆண்கள், தோள்பட்டை கூம்பாக நிமிர்ந்து நிற்கிற உடுப்பும் இடுப்பில் பட்டுப் பட்டையுமாகப் பெண்கள். செபலாமு பந்தலுக்கு நடுவில், சிரிப்பில்லாத முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சபையின் மூப்பர்கள் அவனுக்கு இரண்டு பக்கமும். நபுகேரா வீட்டுக்குள்ளே ஜன்னல் திரைக்குப் பின்னால். அவளும் அவள் முறை வருகிறவரை வெளியே வரக்கூடாது, சத்தம் காட்டக்கூடாது. நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து என் பட்டுப் பட்டை இரண்டு தடவை அவிழ்ந்துபோனது.

மாப்பிள்ளை வீட்டார் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மூங்கில் வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அன்னாசிக் கூடைகள், வாழைத்தார்கள், ஆடு, சோடா பெட்டிகள், வழக்கப்படி பெண்ணுக்கு அண்ணன் முறையானவனுக்கென்று ஒரு சேவல், எல்லாம் சரியாக இருந்தது. கலெம்பா முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

காற்றுத்தான் வந்தது.

மறுபடி திறந்தார். மறுபடியும் காற்று. முந்தின நாள் ஒரே மூச்சில் இரண்டு ஊரில் பேசியிருக்கிறார் மனிதர். தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. காலையிலிருந்து இஞ்சித் தண்ணீர் குடித்து, வந்துவிடும் வந்துவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார். பேராசைக்காரர்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சேவலைத் தூக்கி அவர் தலையில் விட்டிருப்பேன்.

"என்னய்யா, ஊமைப் படமா காட்ட வந்திருக்கீங்க?" என்று முலிண்ட்வா வாத்தியார் வேலிக்கு உள்ளேயிருந்து ஆரம்பித்துவிட்டார். பந்தலில் சிரிப்பு. செபலாமு சிரிக்கவில்லை. நாற்காலியின் கையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தட்டலை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். எழுந்து போகப் போகிறான் என்று அர்த்தம்.

வெளியே அவர்களுக்குள் தள்ளுமுள்ளு. நீ பேசு, நீ பேசு என்று ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். மாமாவுக்குத் திக்குவாய். நண்பர்கள் தரையைப் பார்த்தார்கள். லுப்வாமா வரிசைக்கு நடுவில் முகம் வெளிறிப்போய் நின்றான், நாக்கு நுனியில் நூறு பேச்சு இருந்தும் பேசக்கூடாதவன். கடைசியில் யாரோ பிடித்துத் தள்ளிய தள்ளில் முன்னால் வந்து விழுந்தவன், பஞ்சர் ஒட்டுகிற முசோகே.

"யாரப்பா நீங்க? அன்னாசி விக்கவா வந்தீங்க? சந்தை அந்தப் பக்கம்" என்றார் வாத்தியார்.

"இல்ல… ஸெபோ… ஐயா… நாங்க… வந்து…"

"வந்துட்டீங்க, தெரியுது. எதுக்கு வந்தீங்க?"

"அது… வந்து…"

"பஞ்சர் ஒட்டுறவனுக்கே காத்து எறங்கிப் போச்சுடோய்!" என்று எங்கள் பக்கத்தில் ஒரு பொறுக்கி கத்தினான். மறுபடி சிரிப்பு. செபலாமு நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுந்தேவிட்டான். ஜன்னல் திரை அசைந்தது, பின்னால் என் பெண் என்ன பாடு படுகிறாளோ.

முசோகே கண்ணை இறுக மூடிக்கொண்டான். பாவி மகன், பிறந்ததிலிருந்து ஒரு கூட்டத்தில் பேசியவன் இல்லை. அவனுக்குத் தெரிந்த வாசற்பேச்சு உலகத்திலேயே ஒன்றுதான். என் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஞாயிறு ஞாயிறாகக் கேட்ட பேச்சு. அது வாயில் வந்துவிட்டது.

"வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?" என்றான், அந்தக் கிழக் காட்டேரியின் இழுவைக் குரலிலேயே. "நான் கெட்டவன்தான். ஆனா மரியாதை தெரிஞ்ச கெட்டவன். நீங்க கூப்பிடாம உள்ள வர மாட்டேன். ரொம்ப தூரம் நடந்துட்டேன்."

மாப்பிள்ளை வீட்டார் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மூப்பர்களில் ஒருவர், "பிசாசுப் பேச்சு, ஒரு பாஸ்டர் வீட்டு வாசல்ல!" என்று தடியைத் தரையில் குத்தினார். முடிந்தது, என் பெண்ணின் வாழ்வு முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது பந்தலின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கெட்டவன்னு தானே ஒத்துக்கிட்டவன நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

கண்ணைத் திறந்தேன். செபலாமு. என் தம்பி. பாஸ்டர் செபலாமு. அந்த விதவை மாதிரியே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எப்போதும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது போல. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தடி வைத்திருந்த மூப்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கைக்குட்டையை எடுத்து வியர்க்காத நெற்றியைத் துடைத்தான்.

நான் விறுவிறுவென்று அவனிடம் போனேன். "டேய்! உனக்கு எப்படிடா தெரியும்?"

"சொவத்துக்கும் காது உண்டுன்னு கேட்டதில்லையா நீ?" என்று முணுமுணுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஞாயித்துக்கெழம கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போயிடுறாங்க, நபுகேராவும் பெருக்கி முடிச்சுட்டுப் போயிடுறா. எனக்கு வீட்டுக்குப் போக மனசு வரதில்ல, அக்கா. நாற்காலிய அடுக்கிக்கிட்டே இருப்பேன். அந்தப் பக்கம் அவன் பேசிக்கிட்டிருப்பான். அந்த மனுசன் வாசல் வாசலா போய் நிக்கிறான், ஒருத்தனும் உள்ள வான்னு சொல்ல மாட்டேங்கிறான். எனக்குக் கோவமா வரும். நானே எந்திரிச்சுப் போய்க் கதவத் தெறந்து விட்டுடலாமான்னு இருக்கும்." என் பக்கம் குனிந்தான். "பாக்க எப்படி இருப்பான் அவன்?"

"உன்ன மாதிரிதான். ஒல்லியா, நெட்டையா, சிரிக்கத் தெரியாம."

என் தம்பியின் வாயோரம் துடித்தது. ஆனால் அவன் லேசில் விடுகிறவன் இல்லை. வேலிப்பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை யாரு? முன்னால வரச் சொல்லுங்க" என்றான்.

"அது வழக்கமில்லையே!" என்று இரண்டு பக்கப் பெரியவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் தேடிக் கண்டுபிடிக்கிறது பிறகு வருகிற சடங்கு. அதற்கு முன்னால் அவன் முகம் காட்டுவதா, அதுவும் பேசுவதா?

"வழக்கம் எனக்கும் தெரியும். பொண்ணு என்னுது. வாசலும் என்னுது. அவனே பேசட்டும்" என்றான் செபலாமு. லுப்வாமா வேலியருகே வந்து மண்டியிட்டான், செபலாமு அவனிடம் கேட்டான்: "தம்பி, மைக்கு இல்ல, படம் இல்ல. ஜோக்கு வேண்டாம். என் பொண்ணு உனக்கு எதுக்கு? அத மட்டும் உன் வாயால சொல்லு."

லுப்வாமா நிமிர்ந்து பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். உதடு அசைகிறது, கண் நிறைகிறது, அவ்வளவுதான். நாய்க்குப் பேசியவன், போலீசுக்குப் பேசியவன், திரையில் கண்ட அத்தனை பேருக்கும் பேசியவன், தனக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் தவித்தான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பேசித் தொலையேன்டா, பேசித் தொலையேன் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன்.

திடீரென்று லுப்வாமாவின் குரல் கேட்டது. அதே கரகரப்பு, மைக்கில் கேட்கிற அதே ஏற்ற இறக்கம்.

"ஸெபோ, மன்னிக்கணும். எனக்குப் பேச வரல."

அவன் உதட்டுக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் சத்தம் வேலியிலிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்து வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து என் நபுகேரா அவன் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பந்தல் குலுங்கியது. மூப்பர்கூடத் தடியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். லுப்வாமா ஜன்னலைப் பார்த்து அதிர்ந்துபோய் வாயை மூடினான்.

"மூடாதீங்க. நான் இன்னும் முடிக்கல" என்றது அவன் குரல்.

அவன் அவசரமாகத் திறந்துகொண்டான். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு பேசியபோது அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

"நான் எல்லார் வீட்டுலயும் இருந்திருக்கேன், ஐயா. எந்த வீட்டுலயும் நீ என்ன நெனைக்கிறன்னு யாரும் கேட்டதில்ல. அதனால எனக்குன்னு பேசிப் பழக்கமில்ல. ஊருக்கெல்லாம் நான் பேசுறேன். எனக்காகப் பேச ஒருத்தி வேணும். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரியுது. அதத்தான் கேக்க வந்தேன். அவ அழுதா என்ன செய்வேன்னு கேட்டீங்களாம். எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. பக்கத்துல உக்காந்துக்குவேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. லுப்வாமாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை. என் தம்பி கேட்ட அந்தக் கேள்வியை நபுகேராவிடம் போய்ச் சொன்னவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். சொன்னது தப்பா? நான் அவளுக்கு ஸெங்கா. வேறு எதற்கு இருக்கிறேன்?

செபலாமு அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். "அவ சொன்னது சரியா?" என்றான்.

லுப்வாமா தலையை ஆட்டினான். அந்த ஆட்டலுக்கு அன்றைக்கு யாரும் அர்த்தம் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

என் தம்பி கைக்குட்டையை மறுபடி எடுத்தான். இந்த முறை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. மூக்கைச் சிந்தினான், தோள் குலுங்கியது, அழுகிறானா சிரிக்கிறானா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி இருந்த காலத்தில் சிரிப்பானே, மூச்சு முட்டி, சத்தமே வராமல், அந்தச் சிரிப்பு. "உள்ள வாங்க. எல்லாரும் உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றான்.

அவர்கள் வந்து பந்தலின் எதிர்ப்பக்கம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆடு வந்தது, சேவல் வந்தது, கலெம்பாவும் வந்து பேசாமல் ஒரு ஓரத்தில் சோடா குடித்தார். அதற்குப் பிறகு என் முறை. மாப்பிள்ளை எந்த ஆள் என்று வரிசையில் தேடிக் கண்டுபிடித்து, அவன் நெஞ்சில் பூவைக் குத்திவிட வேண்டியவள் ஸெங்காதான். தெரியாதது போலத் தேட வேண்டும், ஒவ்வொருவனையும் உற்று உற்றுப் பார்க்க வேண்டும், அது சடங்கு.

"என்ன ஸெங்கா, இனிமேதான் தேடப்போறியா? அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே!" என்று முலிண்ட்வா வாத்தியார் சீண்டினார்.

"உன் வேலையப் பாருய்யா" என்று சொல்லிவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டு நடந்தேன். எல்லாரும் வெள்ளை அங்கி, எல்லாரும் கறுப்புக் கோட்டு. முதல் ஆளைப் பார்த்தேன், இரண்டாவது ஆளைப் பார்த்தேன். ஜனங்கள் என் நடிப்பைப் பார்த்துக் கைதட்டினார்கள். கண்ணில் தண்ணீர் அந்த அளவுக்குக் கட்டிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை. உண்மையாகவேதான் தேடினேன்.